கறுப்பா இருக்கறதெல்லாம் களிம்பு இல்ல பாஸ்!

பாறையிலிருந்து எண்ணெய் எடுத்து, அதுல சல்ஃப்யூரிக் ஆசிட்டைக் கலந்து, அப்புறம் அதையே உடம்புல தடவிக்கச் சொன்னா தடவுவீங்களா? 'ஆளை விடுங்க சாமி'ன்னு ஓடத் தோணுதுல்ல? ஆனா, நூறு வருஷத்துக்கும் மேலா உலகம் தடவிக்கிட்டுத்தான் இருக்கு. பேரு, இக்தமால்!

பிறந்த ஊர், ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளுக்கு நடுவே இருக்கும் சீஃபெல்ட். அங்கே ரெண்டு அரக்கர்களுக்குச் சண்டை வந்து, செத்துப்போன டைர்சஸின் ரத்தம் ஊறித்தான் பாறை எண்ணெய் கக்குதுன்னு கதை சொல்வாங்க. நிஜத்துல அது பல கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் சேறு இறுகின பாறை. உள்ளே மீன்களின் படிமம்கூட உண்டு. கிரேக்கத்துல மீனுக்கு 'இக்திஸ்'. பேரு அங்கிருந்து வந்ததுதான்!

1880-களில் ருடால்ஃப் ஷ்ரோட்டர் என்ற கெமிஸ்ட் இதை மருந்தாக்க, ஹாம்பர்க்கின் தோல் டாக்டர் பால் கெர்சன் உன்னா பிரபலமாக்கினார். மேட்டர் சிம்பிள். காற்றுப்படாமல் பாறையைச் சூடாக்கினா எண்ணெய். ஆசிட்டோட வினை நடந்ததும் அம்மோனியா விட்டுச் சமன் செய்தா, தண்ணியில கரையற கறுப்புக் கூழ். புதுசா ரோடு போடற வாசனை!

நம்மூர் ஈ.என்.டி. டாக்டர்களுக்கும் இது பழக்கம்தான். காதுக்குள்ளே கட்டி வந்தா, இக்தமாலை கிளிசரின்ல கலந்து, துணித்திரியை நனைச்சு வைப்பாங்க. கிளிசரின் நீரை இழுக்க, வீக்கம் வற்றும்.

வில்லங்கம் பேருலதான். கட்டியைப் பழுக்க வைக்கும் இந்தக் களிம்புக்கு அமெரிக்காவில் 'பிளாக் சால்வ்'னு செல்லப் பேர். அதே பேர்ல இன்னொண்ணும் விற்கிறாங்க. ஜிங்க் குளோரைடும் பிளட்ரூட் செடியும் சேர்ந்தது. 'கேன்சரை வேரோடு பிடுங்கும்'னு பில்டப் வேற! நல்ல சதையையும் சேர்த்துப் பொசுக்கிடும். மேலே தழும்பு மூடிக்க, ஆறிடுச்சுன்னு நம்பி இருக்கும்போது உள்ளே கேன்சர் பரவலாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வே எச்சரிச்சிருக்கு.

அதனால, வெளிநாட்டு மாமா யாராவது கறுப்பு டப்பா அனுப்பினா, முதல்ல பின்பக்கம் படிங்க. ஜிங்க் குளோரைடு, சாங்குவினாரியான்னு இருந்தா மூடியைத் திறக்கவே வேணாம். இக்தமால்னு மட்டும் இருந்தா, டாக்டரைக் கேட்டுட்டுத் தடவுங்க. அப்ப பழைய சட்டையா போட்டுக்கங்க, கறை லேசுல போகாது!