மலைமேல் தேயிலை, மண்ணுக்குள் கரி

கேமரன் மலையைப் பற்றி நம் பல்கலைக்கழக இதழ்களில் இதுவரை வந்த கவிதைகளைத் திரட்டினால் ஒரு தனி நூலே போடலாம். பனி, பச்சைக் கம்பளம், கொழுந்து, கூடை சுமக்கும் தாய் என எல்லாம் அவற்றில் உண்டு. அந்த மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பச்சைக்கு முதல் போட்டவர் யார், அவர் அதற்குமுன் என்ன தொழில் செய்தார் என்று கேட்ட கவிதை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. கவிஞர்களை விட்டுவிடுவோம். பட்டம் படிக்க வந்த நாமாவது கேட்க வேண்டாமா?

ஜே. ஏ. ரசல் என்னும் ஆங்கிலேயர் 1929ஆம் ஆண்டு ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவர் அவருக்குத் துணையாக இருந்தார். இது மலைக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கெல்லாம் தெரிந்த கதை. ரசல் 1933இல் காலமானார். நிறுவனம் இன்றும் அவர் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

சுற்றுப்பயணிகள் அவ்வளவாகக் கேள்விப்படாத கதை ஒன்றும் உண்டு. மலையில் ஒரு தேயிலைச் செடி நடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரசல் நிலக்கரித் தொழிலில் இருந்தார். சிலாங்கூரில், ரவாங்கிற்கு அருகே உள்ள பத்து ஆராங்கில் 1915ஆம் ஆண்டு முதல் நிலக்கரி வெட்டிய மலாயன் கோலியரீஸ் நிறுவனத்தின் தலைவர் அவர்தான். ஈயம், ரப்பர், கட்டடங்கள் என அவருக்கு வேறு தொழில்களும் இருந்தன என்பதால், தேயிலை முழுக்கக் கரிப் பணத்தில் முளைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே முதலாளியின் ஒரு கை மலைமேலும் மற்றொரு கை மண்ணுக்குள்ளும் இருந்தது என்பது மட்டும் உறுதி. இரண்டு இடத்திலும் வேலை செய்தவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள்.

‘பத்து ஆராங்’ என்றால் மலாய் மொழியில் நிலக்கரி என்றே பொருள். ஊரின் பெயரே அதன் தொழில்! மலாயாவின் இரயில் வண்டிகளும் மின் நிலையங்களும் ஈயச் சுரங்கங்களும் ஒரு காலத்தில் இந்த ஊர்க் கரியை எரித்துத்தான் இயங்கின. குவாங் நிலையத்திலிருந்து இதற்கென்றே ஒரு கிளை இரயில் பாதை போனது. திறந்த வெட்டும் இருந்தது, நிலத்தடிச் சுரங்கங்களும் இருந்தன. 1960இல் மூடப்படும் வரையிலான 45 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் நிலக்கரி அங்கிருந்து வெளியே வந்தது. பிறகு இரயில் டீசலுக்கு மாறியது, மின் நிலையங்கள் எண்ணெய்க்கு மாறின, கரியை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று.

அங்குத் தொழிலாளர்களில் சீனர்களே மிகுதி. 1937 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் வசம் எடுத்துக்கொண்டதும், போலீசார் படையாக நுழைந்து அதை முறியடித்ததும் நாட்டு வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. 1948இல், அவசரகாலத்தின் தொடக்கத்தில் கெரில்லாக்கள் அந்த ஊரைத் தாக்கியதும் பதிவாகியிருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் வரலாற்றில் குறைந்தது கலகக்காரர்களாகவாவது இடம்பெற்றுவிட்டார்கள். அவர்களோடு வேலை செய்த தமிழர்கள்?

எங்கள் பாட்டி, தம் உறவினர் ஒருவரைக் ‘கரிக்குழிச் சித்தப்பா’ என்றுதான் சொல்வார். தோட்டத்துப் பிரட்டு பிடிக்காமல் பத்து ஆராங் பக்கம் போனவர் அவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். பாட்டி அவரைப் பற்றிச் சொன்னவை மூன்றே செய்திகள்தாம்: தீபாவளிக்கு வந்தால் எல்லாருக்கும் துணி எடுத்து வருவார், இரவெல்லாம் இருமுவார், குழிக்குள் இறங்கும் கதையை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லமாட்டார். ‘கரிக்குழி’ என்ற அந்த ஒரு சொல்தான் அந்தச் சுரங்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சொத்து.

இந்தக் கட்டுரையில் நான் பேச வந்தது அந்தச் சொல்லைப் பற்றித்தான். தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் நம்மிடம் முழு அகராதியே இருக்கிறது. பிரட்டு, நிரை, கொழுந்து, கங்காணி, கிராணி, லயம் என்ற சொற்களெல்லாம் நம் சிறுகதைகளில் ஏறி நிலைத்துவிட்டன. சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழன் எந்தச் சொற்களைப் பேசினான்? கூரை சரியும் ஓசை கேட்டால் என்ன சொல்லிக் கத்தினான்? கரி ஏற்றும் வண்டியை, கையில் பிடித்த விளக்கை, முகப்பில் ஊறும் நீரை, மூச்சை அடைக்கும் வாயுவை என்னவென்று அழைத்தான்? ‘மொழிக் கழகம்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதைத் தேடாவிட்டால் வேறு யார் தேடுவார்கள்?

பத்து ஆராங் ஆய்வாளர்கள் மறந்த ஊரன்று. நிலவியல் அறிஞர்களுக்கு அது மிகவும் வேண்டிய இடம். அங்குள்ள கரி, நிலவியல் கணக்கில் இளையது. மூன்றாம் ஊழியைச் சேர்ந்தது. இந்தியாவின் ஜரியா கரியைப்போல் முதிர்ந்ததன்று, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைவிடச் சற்று முதிர்ந்த வகை. காற்றுப் பட்டுக் குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் குணமும் அதற்கு உண்டு. பாறைக்கு இப்படி ஆண்டுக் கணக்கும் குணக் கணக்கும் பார்த்தாகிவிட்டது. அந்தத் தீக்கு நடுவே நின்றவர்களின் கணக்குத்தான் பாக்கி.

“மூடிப்போன சுரங்கத்தைக் கிளறி என்ன பயன்? வேலை கிடைக்கிற படிப்பைப் பார்” என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் மன்னார்குடியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். நம் பாட்டன்மார் பலர் கப்பல் ஏறிய பழைய தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் அது. காவிரிப் படுகையின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. கரியின் நுண்துளைகளில் மீத்தேன் ஒட்டியிருக்கும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தம். எனவே வாயு வேண்டுமென்றால் முதலில் நீரை இறைத்துத் தள்ளவேண்டும். நெல் விளையும் மண்ணில் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால், பக்கத்தில் இருக்கும் கடல் சும்மா இருக்குமா?

அத்திட்டத்திற்கு 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, மேற்சொன்ன அறிவியலை வயலில் நிற்பவர்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொன்னார். அந்தப் பயணத்தின்போதே, 2013 டிசம்பர் 30ஆம் நாள், பட்டுக்கோட்டைக்கு அருகே அவர் உயிர் பிரிந்தது. தமிழக அரசு 2015இல் திட்டத்திற்கு இடமில்லை என்றது. 2020இல் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. 2023இல் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் மீண்டும் படுகையின் பகுதிகள் இடம்பெற்றபோது, சில நாள்களிலேயே எதிர்ப்பு எழுந்து அவை நீக்கப்பட்டன. ‘மீத்தேன்’ என்ற சொல் அதற்குள் தேநீர்க்கடைச் சொல்லாகிவிட்டிருந்தது. தெருவில் புழங்கும் சொல்லாக அறிவியல் மாறியதால்தான் அந்த மக்களால் அவ்வளவு விரைவாகப் பேச முடிந்தது என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் நிலக்கரி பழங்கதை ஆகிவிடவில்லை. மஞ்சோங், காப்பார் மின் நிலையங்களில் கப்பலில் வந்து இறங்கும் கரி எரிகிறது. பத்து ஆராங்கிலோ, பழைய சுரங்கப் பாதைகள் நிலத்துக்கடியில் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. மேலே எதைக் கட்டுவதானாலும் அவற்றை நினைத்துப் பார்த்துத்தான் கட்டவேண்டும். அந்தப் பாதைகள் எங்கே ஓடுகின்றன என்பதை வரைபடம் ஓரளவு சொல்லும். மீதியை, அவற்றில் நடந்தவர்கள் சொல்வார்கள்.

நடந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில் 18 வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். நம் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைப்பது நமக்குப் பழக்கமான தீர்மானம். இதற்கு அது பொருந்தாது.

என் யோசனை எளிது. இந்திய ஆய்வியல் துறை மாணவர் ஒருவர், நிலவியலோ கனிம வளப் பொறியியலோ படிக்கும் மாணவர் ஒருவர் என இருவர் இருவராகச் சேரவேண்டும். தமிழ் படிப்பவருக்கு முதியவரிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியும். மற்றவருக்கு எதைக் கேட்கவேண்டும் என்று தெரியும். இளங்கலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று நூலகத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதோ ஆயத்தமான தலைப்பு. பட்டிமன்றத்திற்கு ஒதுக்கும் பணத்தில் பாதி போதும். (பட்டிமன்றமே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் செயலாளரிடம் கோள் மூட்டவேண்டாம்!) முன்னாள் மாணவர்களில் பொறியாளர்கள் பலர் இருக்கிறீர்கள், பேச்சில் வரும் கருவிகளின் பெயர்களை அடையாளம் காண உங்கள் உதவி தேவைப்படும்.

பழைய கிளை இரயில் பாதை இப்போது இல்லை. குவாங் வரை கொமியூட்டரில் போய், அங்கிருந்து காரில் போகலாம். புகைபோக்கிகளைப் படம் எடுத்து முடித்ததும் பழைய கடை வரிசையில் ஒரு தேநீர் சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் கேள்வியாகச் சம்பளத்தையோ துன்பத்தையோ கேட்கவேண்டாம். “ஐயா, உள்ளே இறங்குவதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை, அவர் ஒலித்தபடியே, திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.