பழைய தாருக்கு இன்னோர் ஆயுள்

இரவில் நெடுஞ்சாலையின் மேல்தாரைச் சுரண்டி லோரியில் ஏற்றும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது குப்பையல்ல. 100 கிலோவில் சுமார் 5 கிலோ தார், மற்றதெல்லாம் நல்ல கருங்கல். அந்தத் தார் வயதாகி இறுகியிருக்குமே தவிர, செத்துப்போவதில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் பரப்பி, உச்சிவெயிலில் ரோலர் ஓட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். புதுச் சாலையின் வழுவழுப்பு வராது. நாளெல்லாம் செம்பனை லோரி ஓடினால் தாங்காது. ஆனால், மழை பெய்தால் பள்ளிப் பேருந்து உள்ளே வராமல், பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பாதைக்கு இது போதும். முதலில் ஓரத்தில் கால்வாய் வெட்ட வேண்டும்; தண்ணீர் தேங்கினால் எந்தத் தாரும் நிற்காது. அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் சாலையைச் சுரண்டும்போது, அந்த லோரி எங்கே போகிறது என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.