இரண்டாம் தரம் என்று யார் சொன்னது?

பிரெஞ்சு ஒயின் என்றாலே சிலருக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. பழைய மாளிகை, பரம்பரைக் குடும்பம், இருட்டான நிலவறை, தூசி படிந்த பாட்டில்... உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். இந்தப் பக்திக்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துப் போடுவது 1855ஆம் ஆண்டின் தரப்பட்டியல். அதை வேதமாக நினைப்பவர்கள் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தின் கதையைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியல் வந்த விதமே வேடிக்கை. 1855ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதில் போர்தோ பகுதி ஒயின்களை வரிசைப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது. வணிகர் சங்கம் தரகர்களைக் கேட்டது. தரகர்கள் எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, சிவப்பு ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். சந்தை விலைப்பட்டியல்! லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நான்கும் முதல் தரம். இரண்டு வருடம் முன்பு, 1853ல், நத்தானியேல் தெ ரோத்ஷில்ட் ஏலத்தில் எடுத்த மூத்தோன், இரண்டாம் தரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்தத் தரம் மண்ணுக்கு இல்லை, தோட்டத்தின் பெயருக்கு. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டாலும், இருந்ததை விற்றாலும் தரம் அப்படியே இருக்கும். "எங்கள் மண்ணின் மகிமை" என்று பேசுகிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

சரி, மூத்தோனுக்கு இன்றைய பெருமை எங்கிருந்து வந்தது? பரம்பரையிலிருந்தா? நத்தானியேலுக்குப் பிறகு வந்த இரண்டு தலைமுறைகள் தோட்டத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவே இல்லை. 1922ல் இருபது வயதில் பொறுப்பேற்ற ஃபிலிப்தான் எல்லாவற்றையும் மாற்றினார். அதுவரை ஒயின் பீப்பாயில் போர்தோ வியாபாரிகளிடம் போகும். அவர்கள்தான் பாட்டிலில் அடைப்பார்கள். நடுவில் என்ன கலந்தது என்று தோட்டக்காரருக்கே தெரியாது. 1924ல் மொத்த விளைச்சலையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார் ஃபிலிப். அந்த வருட லேபிளை வரைந்தவர் ழான் கார்லு என்ற விளம்பர ஓவியர். இன்று "பாரம்பரியம்" என்று கும்பிடப்படுவது அன்று மரபை மீறிய காரியம்.

இடையில் போர். விஷி அரசு தோட்டத்தைப் பறித்துக்கொண்டது. ஃபிலிப் தப்பிப் போய் தெ கோலின் படையில் சேர்ந்தார். மனைவி எலிசபெத்தைக் கெஸ்டாபோ பிடித்துக்கொண்டு போனது. 1945ல் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். "அறுபடாத குடும்ப வரலாறு" என்று பளபளப்பாக எழுதுபவர்கள் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். வெற்றிக்கு அடையாளமான அந்த 'வி' எழுத்து லேபிள் வந்ததும் அதே 1945ஆம் வருட ஒயினுக்குத்தான். பிறகு தாலி, மிரோ, ஷகால், வார்ஹோல் என்று பெரிய பெரிய ஓவியர்கள் லேபிளில் ஏறினார்கள். (2009க்கு நம் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்!)

கடைசியில் 1973ல் மூத்தோன் முதல் தரத்துக்கு உயர்ந்தது. ஆணையில் கையெழுத்திட்டவர் அப்போது விவசாய அமைச்சராக இருந்த ழாக் சிராக். மண் மாறிவிட்டதா? இல்லை. ஒரு மனிதர் பல வருடம் விடாமல் போராடினார், அமைச்சர் பேனாவை எடுத்தார். அப்படியானால் மற்ற தோட்டங்களுக்கு மட்டும் ஏன் கதவு மூடியே இருக்க வேண்டும்?

மறுபரிசீலனை செய்தால் வழக்குதான் மிஞ்சும் என்பார்கள். பொய்யில்லை. அவ்வப்போது பட்டியலைத் திருத்தும் சேன்-எமிலியோனில் 2006ஆம் ஆண்டுப் பட்டியல் நீதிமன்றத்தில் சிக்கிச் செல்லாமல் போனது. ஆனால் தேர்வில் சச்சரவு வருகிறது என்று 1855ல் வாங்கிய மதிப்பெண்ணையே ஆயுள் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

1976ல் பாரிஸில் பெயரை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடந்தது. நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பு ஒயினில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். 1970ஆம் வருட மூத்தோன் இரண்டாமிடம். பக்தர்கள் கொதித்தார்கள். ஃபிலிப்போ கலிஃபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து, 1979ஆம் வருடத் திராட்சையிலேயே 'ஓபஸ் ஒன்' செய்துவிட்டார்.