காண்டாக் கம்பு சொன்ன கணக்கு

பெட்டாலிங் ஜெயா பழைய நகரில் தங்கை மகன் மின் கித்தாரை நின்றுகொண்டே வாசித்துக் காட்டினான். இடக்கையை எடுத்தால் கழுத்துப் பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தது. "மணிக்கட்டு வலிக்குது மாமா, விட்டுடப் போறேன்" என்றான்.

எனக்குத் தோட்டத்துக் காண்டாக் கம்பு நினைவுக்கு வந்தது. ஒரு வாளியில் பால் கூடினால், அப்பா தோளை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்வார். கித்தாருக்கும் அதே கணக்குதான். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மேல்கொம்பு நீண்டு, வார் மாட்டும் குமிழ் 12ஆவது மெட்டுக்கு அருகில் வருகிறது, எடை சமனாகிறது.

இவனுடையதில் குமிழ் கழுத்தடியில் பின்பக்கம் இருந்தது. தெரிந்தவரைக் கொண்டு மேல்கொம்பின் நுனிக்கு மாற்றினோம். சட்டையில் வழுக்காதபடி, உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல்வாரும் போட்டோம். கழுத்து நின்றது; விரல்கள் விடுதலையாயின.

பிள்ளை 'வலிக்கிறது' என்றால் சோம்பேறி என்று ஏசாதீர்கள். பாரம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.