ஜீப் ஏறும் மலைக்கு மஸ்டாங் வருமா?

இரத்தினபுரியிலோ பலாங்கொடையிலோ த்ரீவீல் தரிப்பிடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு வண்டியின் பின்கண்ணாடியில் குதிரை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். ஃபோர்ட் மஸ்டாங்கின் சின்னம் அது. டொட்ஜ் சார்ஜர் சீறுவதை போனில் பார்த்து வளர்ந்த நம் லயத்துப் பிள்ளைகளின் வேலை. நான் குறை சொல்ல வரவில்லை, அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும்.

'மசில் கார்' என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் அந்தக் கார்களின் சூத்திரம் எளியது. நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் இன்ஜினை வைத்துவிடுவது. 1964இல் பொன்டியாக் ஜி.டி.ஓ. அப்படித்தான் பிறந்தது. நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது பொன்டியாக்கின் தாய்க் கம்பனி ஜெனரல் மோட்டார்ஸின் உள்கட்டுப்பாடு. பொன்டியாக்கின் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் கூட்டாளிகளும் 389 கன அங்குல வி8 இன்ஜினை, நம் கணக்கில் 6.4 லீற்றர், 'விரும்பினால் வாங்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்துச் சட்டத்துக்குத் தண்ணி காட்டிவிட்டார்கள். வலு 325 குதிரை. மூன்று கார்பரேட்டர் பூட்டினால் 348. இவ்வளவு வேகத்தையும் பிடித்து நிறுத்த நாலு சக்கரத்திலும் இருந்தது வெறும் ட்ரம் பிரேக்! நேர்கோடாகக் கிடக்கும் அமெரிக்க வீதியில் ஒப்பேறியிருக்கும். சூரியகந்தையிலிருந்து றக்வானைக்கு இறங்கும் வளைவுகளில் அந்த ட்ரம்கள் என்ன சூடாகும் என்று நம் லொறி டிரைவர்களைக் கேளுங்கள்.

இங்கே சி.சி.யைப் பார்த்து வரி போடுகிறார்கள் என்பதால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் அமெரிக்காவின் இன்னொரு பலசாலி நம் மலைக்கு எப்போதோ வந்துவிட்டது. 1944இல், உலகப் போரின்போது, நேசப்படைத் தளபதி மவுன்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்த காலத்து வண்டி, வில்லிஸ் ஜீப். வலு 60 குதிரைதான், ஜி.டி.ஓ.வில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சூட்சுமம் கியரில் இருக்கிறது. சின்ன லீவரை இழுத்து லோவில் போட்டு முதல் கியரில் விட்டால், இன்ஜின் இருபத்தைந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் போய் இழுவை வரும். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொள்ள, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி ஏறும். அக்சிலேட்டரைப் போட்டு மிதிப்பவன் சேற்றில் புதைவான். அனுபவமுள்ள டிரைவர் காலை மெல்ல வைத்துக்கொண்டு, கல்லுக்கு மேல் டயர் ஏறுவதைக் கதவில்லாத பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்.

வில்லிஸிடம் அனுமதி வாங்கி 1950களில் மிட்சுபிஷி அதே வடிவத்தில் ஜீப் செய்யத் தொடங்கியது. பின்னாளில் வந்த 2659 சி.சி. டீசல் இன்ஜின்தான் நம் கராஜ் பாஸ்மார் வாய்நிறையச் சொல்லும் 'ஃபோர் டி.ஆர். ஃபைவ்'. மாணிக்க வியாபாரி முதல் மரம் ஏற்றுபவர் வரை இதன்மேல் பிரியம் வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: எந்த மேட்டிலும் கைவிடாது.

தோட்டத்தில் அந்த ஜீப் யாருக்காக ஓடியது என்பது வேறு கதை. அது தொரையின் வண்டி. கொழுந்து மடுவத்துப் பக்கம் அதன் சத்தம் கேட்டால் கங்காணியின் குரல் உயரும். பால்வாளி தூக்கிய ரப்பர் மலைப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தால் கிடைத்தது கொழுந்து லொறியின் பின்பக்கம். பல தோட்டங்களில் இன்றும் அதே லொறிதான், இல்லாவிட்டால் த்ரீவீல். கண்ணாடியில் குதிரை ஒட்டிய அந்த த்ரீவீலுக்கோ 200 சி.சி. அளவில் ஒரு இன்ஜின். மழைக்காலத்தில் பாதி வழியில் ஆளை இறக்கித் தள்ளச் சொல்லும்.

வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதையைக் கேட்க வேண்டும். தோட்டப் பாதை கம்பனியின் பாதை, சபை நிதியைத் தொட முடியாது என்று 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி முப்பது வருடம் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது, சபை நிதியைத் தோட்டத்துக்கும் செலவிடலாம். தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் காவத்தையிலும் 2025 மே மாதம் வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள் இப்போது சபையில் இருக்கிறார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் டிவிஷன் பாதைக்கு அடுத்த வருடம் எவ்வளவு?