பட்டாம்பூச்சியின் தலையில் பழி

நம்மவர்களுக்குப் பட்டாம்பூச்சி பிடித்துப்போயிற்று. கதையில் ஒருவன் பஸ்ஸைத் தவறவிடுகிறான். வேலை போகிறது, மனைவி போகிறாள், கடைசியில் அவனே போகிறான். மதிப்புரைக்காரர் உடனே 'பட்டாம்பூச்சி விளைவு' என்று முத்திரை குத்திவிடுகிறார். இதில் பட்டாம்பூச்சி எங்கே வந்தது? ஒன்று தள்ள மற்றொன்று விழுகிறது; விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குத் தொடர் விளைவு என்று நல்ல தமிழே இருக்கிறது.

எட்வர்ட் லோரன்ஸ் வானிலை ஆய்வாளர். 1961இல் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கை நடுவிலிருந்து திரும்ப ஓட்டியபோது 0.506127 என்பதை 0.506 என்று கொடுத்தார். பழைய வானிலைக்கும் புதியதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. பைசாவை ரூபாயாக முழுமையாக்கியே பிழைக்கிறவன் நான். எங்கள் லெட்ஜரில் விட்டுப்போன 49 பைசா 49 பைசாவாகவே கிடக்கும். அவருடைய கணக்கில் அது பெருகிக்கொண்டே போகிறது. 1972இல் அவர் உரைக்கு இடப்பட்ட தலைப்பில் பிரேஸில் பட்டாம்பூச்சியும் டெக்ஸாஸ் சூறாவளியும் வருகின்றன. ஆனால் அது கேள்வி. அதே சிறகடிப்பு சூறாவளியைத் தடுக்கவும் கூடும் என்று அந்த உரையிலேயே சொன்னார். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் பேச்சு. நாம் அதையே காரணம் கண்டுபிடித்துவிட்டதற்கு அத்தாட்சியாக நீட்டுகிறோம்.

'தசாவதாரம்' (2008) 12ஆம் நூற்றாண்டில் கடலில் எறிந்த சிலையையும் 2004 சுனாமியையும் இந்தப் பட்டாம்பூச்சியை வைத்து முடிச்சுப்போட்டது. சுனாமி வந்தது சுமத்ராவுக்கருகே கடலடியில் ஏற்பட்ட பூகம்பத்தால். சினிமா, போகட்டும். அதிலிருந்து பாடம் படித்துக்கொண்ட இலக்கியக்காரர்களை என்ன செய்வது? ஊழ் என்று சொல்ல இளங்கோவுக்குக் கூச்சமில்லை. நமக்கு அதே ஊழுக்கு அமெரிக்க சர்ட்டிபிகேட் வேண்டியிருக்கிறது.

எறையூர்ப் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்டு நொடித்தவர் கவுண்டருக்கு வருவார். ஏன் என்று கேட்டால் மழை என்பார், விதை என்பார், பூச்சி, விலை, பிறகு "என்னமோ போங்க சார்." ஒற்றைக் காரணத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. கதாசிரியருக்குத் தெரிகிறது. பஸ் போனதால் ஒருவன் அழிந்தான் என்று எழுதிவிட்டால், பத்து நிமிஷத் தாமதத்துக்கு அவன் சீட்டைக் கிழித்த முதலாளி கதையைவிட்டு நழுவிவிடுகிறார். மதிப்புரையிலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.