ஒன்பதின் சூட்சுமம்

கெலிஓயாவில் எமது அயல்வீட்டுப் பெண்ணொருத்தி சென்ற ஆண்டு வங்கி உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சை எழுதினாள். மொழியிலும் பொது அறிவிலும் நன்றாகச் செய்தவள், எண்கணிதத்தில் தவறிவிட்டாள். அன்றுமுதல், "எனக்குக் கணக்கு மூளை இல்லை" என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, இவ்வாண்டு விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமலே மடித்து வைத்திருந்தாள். ஒருவர் சம்பாத்தியத்தில் ஐவர் உண்ணும் குடும்பம் அது. வயதெல்லையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய தாத்தா தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் அங்கே சென்றிருந்த ஒரு மாலையில், அவர் பேத்தியின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர் எண் 9 ஆல் வகுபடுமா என்றறிய இலக்கங்களைக் கூட்டுக. 4 ஆயின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்க. 11 ஆயின் ஒன்றுவிட்டொன்று கூட்டிக் கழிக்க என்று பக்கம் பக்கமாக விதிகள்.

"இவையெல்லாம் ஏன் இப்படி வருகின்றன, அம்மா?" என்றார் பெரியவர்.

"பரீட்சையில் ஏனென்று கேட்கமாட்டார்கள், தாத்தா."

பெரியவர் சிரித்துவிட்டுத் தம் இளமைக் காலத்துச் சம்பவமொன்றைச் சொன்னார். ஒரு மாத முடிவில் தோட்டத்துச் சம்பளக் கணக்கில் 27 ரூபா துண்டு விழுந்ததாம். இரவெல்லாம் கூட்டியும் பிழை அகப்படவில்லை. காலையில் வந்த பெரிய கிளாக்கர் ஐயா, "27 ஒன்பதால் வகுபடுகிறது. ஏதோ ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். மூன்று வித்தியாசமுள்ள இலக்கங்களைத் தேடு" என்றாராம். தேடியபோது, 741 என்றிருக்க வேண்டியது 714 என்று பதிந்திருந்தது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது.

இஃது மந்திரமன்று; இடப்பெறுமானம். பத்தினிடத்தில் இருந்த 4 நாற்பதாகும். அது ஒன்றினிடத்துக்கு இறங்கினால் வெறும் நான்கு, நட்டம் 36. ஒன்றினிடத்து 1 பத்தினிடத்துக்கு ஏறினால் இலாபம் 9. முப்பத்தாறில் ஒன்பது போக எஞ்சுவது 27. அடுத்தடுத்த எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே இருக்கும்.

அந்த ஒன்பதே குறிப்பேட்டின் விதிக்கும் வேர். பத்து என்பது ஒன்பதும் ஒன்றும், நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும், ஆயிரமும் அவ்வாறே. ஆதலால் 4,738ஐ ஒன்பது ஒன்பதாகக் கட்டினால், ஆயிரங்களிலிருந்து 4, நூறுகளிலிருந்து 7, பத்துகளிலிருந்து 3, ஒன்றுகளில் 8 என எஞ்சி நிற்கும். அவற்றின் கூட்டுத்தொகை 22. மீண்டும் கூட்ட 4. அதுவே மீதி. பாடசாலையில் இலக்கச் சுட்டி என்று படித்தது இதைத்தான்.

பதினொன்றுக்குப் பத்து ஒன்று குறைவு. தொண்ணூற்றொன்பதுக்கு நூறு ஒன்று கூட. ஆகவேதான் அங்கே மாறி மாறிக் கழித்தலும் கூட்டலும் வருகின்றன. நூறு முழுவதுமாக நான்கால் வகுபடுவதால், நான்குக்குக் கடைசி இரண்டு இலக்கங்களே போதும். பத்துப் பக்க விதிகள் ஒரு பக்கத்துக் காரணத்தில் அடங்கிவிட்டன.

பெரியவர் உடனே ஒரு வினாத் தொடுத்தார்: 47 என்று தொடங்கி 6 என்று முடியும் நான்கிலக்க எண்ணொன்று ஒன்பதால் வகுபடுகிறது, இடையிலுள்ள இலக்கம் யாது? நான்கும் ஏழும் ஆறும் பதினேழு, பதினெட்டாக ஒன்று வேண்டும், எண் 4,716. பேத்தி காகிதத்தைத் தொடாமலே விடை சொன்னாள்.

நிற்க. இந்த ஒன்பதுக்கும் ஒரு குருட்டுக் கண் உண்டு. 741, 714 ஆகிய இரண்டுக்கும் இலக்கக் கூட்டுத்தொகை 12 தான். ஆகவே இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பவன் இடமாற்றத்தைக் காணமாட்டான். இக்குறையை நீக்க, ஐ.பி.எம். நிறுவனத்து ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் ஒன்றுவிட்டொரு இலக்கத்தை இரட்டித்துக் கூட்டும் முறையொன்றை வகுத்து, 1960ஆம் ஆண்டில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 09, 90 என்னும் ஒரு சோடி தவிர, அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றம் அனைத்தையும் அது காட்டிக்கொடுக்கும். இன்று வங்கி அட்டைகளின் கடைசி இலக்கம் அம்முறைப்படியே அமைகிறது. பரீட்சைக்கென்று படிக்கும் பாடம் வங்கியின் உள்ளேயும் காவல் நிற்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்குவழிகள் வேண்டாமென்று சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தில் நேரம் பொன்னானது. ஆயினும் காரணம் அறியாத விதி பதற்றத்தில் மறந்துபோகும். காரணம் அறிந்தால், மறந்த விதியையும் அங்கேயே ஆக்கிக்கொள்ளலாம். கடைச் சிட்டையையோ பஸ் டிக்கட்டின் இலக்கத்தையோ வைத்து நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளைகளுடன் பழகுங்கள். தவறினால், "மூளை இல்லை" என்னாதீர்கள். எந்த இடத்தில் தவறியது என்று கேளுங்கள்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இம்முறை என்ன பெறுபேறு வருமோ, நாம் அறியோம். மடித்து வைத்த படிவத்தை நிரப்பி, மறுநாட் காலையில் தபாலிற் சேர்த்துவிட்டாள்.